பன்னிரண்டு வோல்ட் செல் ஏன் கிடைப்பதில்லை

செல் என்பது ஒன்று. பல செல்கள் சேர்ந்தால் பேட்டரி. பாடப்புத்தகம் மின்கலம், மின்கல அடுக்கு என்று பெயர் சொல்லி, ஒரு நீளக் கோடும் ஒரு குட்டைக் கோடும் போட்டுக் காட்டும். அதே ஜோடியை நாலைந்து முறை அடுத்தடுத்துப் போட்டால் அடுக்கு. பாடம் முடிந்தது. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இதை மட்டும் படித்தவர்கள் மனதில் பேட்டரி என்பது பெரிய செல், செல் என்பது குட்டி பேட்டரி என்றுதான் பதிகிறது. நிஜத்தில் இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. ஒரு செல்லின் குணத்தை அதற்குள் இருக்கும் வேதிப்பொருள் முடிவு செய்கிறது. ஒரு பேட்டரியின் குணத்தையோ, அதற்குள் இருக்கும் செல்களிலேயே மோசமானது முடிவு செய்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அது ஏன் அப்படி என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

உயிர் போன சாதனங்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. (லித்தியம் இருக்கும் எதையும் பிரிக்காதீர்கள், தீப்பிடிக்கும். மற்றவற்றில்கூட உள்ளே இருப்பது தோலை அரிக்கும் காரமோ அமிலமோதான்.) அப்படிப் பிரித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, மல்டிமீட்டரில் போடும் சதுரமான 9 வோல்ட் பேட்டரி. தகர உறையை நெம்பி எடுத்தால் உள்ளே மெலிந்த ஆறு உருளைகள், ஒன்றின் தலை அடுத்ததன் காலோடு சின்னப் பட்டையால் இணைக்கப்பட்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் 1.5 வோல்ட். ஆறு ஒன்றரை ஒன்பது. மலிவான துத்தநாக கார்பன் வகையாக இருந்தால் உருளைகளுக்குப் பதிலாக ஆறு தட்டை வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்.

பிரிக்காமலே இதைத் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. உறையின் ஓரத்தில் பொடி எழுத்தில் 6எல்ஆர்61 என்றோ 6எஃப்22 என்றோ அச்சடித்திருப்பார்கள். சர்வதேசக் குறியீட்டு முறையில் முன்னால் நிற்கும் அந்த 6, உள்ளே எத்தனை செல்கள் என்பதைச் சொல்கிறது. பழைய தட்டை டார்ச்சுகளில் போடும் நாலரை வோல்ட் பேட்டரியின் குறியீடு 3எல்ஆர்12. அதில் மூன்று செல்கள். ரிமோட்டில் போடும் ஏஏ அளவு பென்சில் செல்லைத் திருப்பிப் பாருங்கள், எல்ஆர்6 என்று மட்டும் இருக்கும். முன்னால் எண் கிடையாது. அது தனி ஆள்.

சரி, ஏன் இந்த ஆறு பேர் கூட்டணி? 9 வோல்ட் தரும் ஒரே செல்லைச் செய்துவிட வேண்டியதுதானே?

செய்ய முடியாது. தொழிற்சாலையின் திறமைக் குறைவால் அல்ல. தனிம அட்டவணை இடம் கொடுக்காது.

ஒரு செல்லுக்குள் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று எலக்ட்ரான்களை விட்டுவிடத் துடிக்கிறது, இன்னொன்று அவற்றை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறது. நடுவில் மின்பகுளி. அதன் வழியே அயனிகள் மட்டும்தான் போகலாம். எலக்ட்ரான்கள் வெளியே இருக்கும் கம்பி வழியாகத்தான் சுற்றிவர வேண்டும். விடத் துடிப்பதற்கும் வாங்கத் துடிப்பதற்கும் உள்ள ஆற்றல் வித்தியாசத்தைத்தான் வோல்ட்டில் அளக்கிறோம். துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடும் (ஆல்கலைன் செல்லில் இருப்பவை இவைதான்) என்றால் 1.5. 1836இல் ஆங்கிலேய வேதியியலர் டேனியல் செய்த துத்தநாக, தாமிர செல்லில் 1.1. ஈயம், ஈய டை ஆக்சைடு, கந்தக அமிலம் என்றால் 2.1. நிக்கல் உலோக ஹைட்ரைடில் 1.2. போனில் இருக்கும் லித்தியம் அயனி வகையில் சராசரியாக 3.7.

இந்த எண்களில் அளவுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கால்குலேட்டரில் போடும் பொத்தான் அளவு ஆல்கலைன் செல்லும் 1.5 வோல்ட்தான், கையை நிறைக்கும் பெரிய டார்ச் செல்லும் 1.5 வோல்ட்தான். பெரிதாக்கினால் பொருள் கூடும், அதனால் நீண்ட நேரம் ஓடும். தகடுகளின் பரப்பு கூடும், அதனால் ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டம் தர முடியும். வோல்ட் மட்டும் நகராது. ஒரு அறை அளவுக்கு ஒரே ஆல்கலைன் செல் செய்தாலும் மீட்டர் 1.5 என்றுதான் காட்டும்.

இதற்கு மேல்வரம்பும் இருக்கிறது. எலக்ட்ரானை மிகத் தாராளமாக விட்டுக்கொடுப்பவற்றில் லித்தியம் ஒரு கோடி. பொருட்களின் இந்தத் துடிப்பை வோல்ட்டில் ஒப்பிடும் நியம அட்டவணையில் அதன் மதிப்பு மைனஸ் 3.04 வோல்ட். பிடுங்கிக்கொள்வதில் ஃபுளோரின் மறு கோடி. அது பிளஸ் 2.87. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, யாருக்கும் காயமில்லாமல் ஒரு செல் செய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். கிடைப்பது ஏறத்தாழ 5.9 வோல்ட். ஆக, 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் எந்தப் பொருளுக்குள்ளும் ஒற்றைச் செல் மட்டும் உட்கார்ந்துகொண்டு அந்த 12ஐத் தர வழியே இல்லை. ரிமோட் சாவிகளில் வரும் விரல் நுனி அளவு 12 வோல்ட் பேட்டரியைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குட்டி உருளைக்குள் எட்டு பொத்தான் செல்கள் அடுக்கியிருக்கின்றன.

தண்ணீர் போடும் இன்னொரு வரம்பும் உண்டு. மின்பகுளியில் தண்ணீர் இருந்தால், 1.23 வோல்ட்டைத் தாண்டும்போதே அந்தத் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியக் கிளம்பிவிடலாம். பிறகு எப்படி ஈய செல் 2.1 வரை போகிறது? ஈயத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் உருவாவது மிக மிக மெதுவாக நடக்கிறது. விதி தடுக்கிறது, சோம்பல் காப்பாற்றுகிறது. லித்தியம் அயனி 3.7க்குப் போனது தண்ணீரையே ஒதுக்கிவிட்டு கரிமக் கரைப்பான்களுக்கு மாறியதால்தான். 1991இல் அது விற்பனைக்கு வந்தபோது ஒரே செல்லில் மூன்று நிக்கல் செல்களின் மின்னழுத்தம் கிடைத்தது. இன்றைய போன்கள் பெரும்பாலும் ஒற்றைச் செல்லில் ஓடுவதற்கு அதுதான் காரணம். நாம் போன் பேட்டரி என்று சொல்வது பெரும்பாலும் ஒரே ஒரு செல்தான், கூடவே ஒரு சின்னப் பாதுகாப்புச் சுற்று.

சேர்த்து அடுக்கும் யோசனை இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டாவுடையது. 1800 மார்ச்சில் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில் அந்த அடுக்கு வருகிறது: வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, உப்புநீரில் நனைத்த அட்டை, மறுபடி வெள்ளி, துத்தநாகம், அட்டை. ஒரு ஜோடி தருவது ஒரு வோல்ட்டை ஒட்டிய அளவுதான். டஜன் கணக்கில் அடுக்கியபோது விரல்களில் அதிர்ச்சி தெரிந்தது. என்னைக் கவர்வது வோல்ட்டாவின் வெற்றியைவிட அந்த அடுக்கின் கோளாறுதான். உயரமாக அடுக்க அடுக்க, மேலே இருக்கும் உலோகத்தின் எடை கீழே இருக்கும் அட்டைகளைப் பிழிந்தது. உப்புநீர் பக்கவாட்டில் வழிந்து ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் ஈரத்தால் இணைத்துவிட்டது. அடுக்கு தனக்குள்ளேயே கசிந்து வலுவிழந்தது. அதே கடிதத்திலேயே வோல்ட்டா இன்னொரு வடிவமும் சொல்கிறார்: தனித்தனிக் கிண்ணங்களில் உப்புநீர், ஒரு கிண்ணத்துக்கும் அடுத்ததற்கும் உலோக வளைவு. நீர் கலக்கவே வழியில்லை. பின்னால் வந்தவர்கள் அடுக்கைப் படுக்கவைத்து, மரத்தொட்டியில் அறை அறையாகப் பிரித்தார்கள். 1807இல் ஆங்கிலேய வேதியியலர் ஹம்ப்ரி டேவி பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தது இப்படிப்பட்ட பெரிய அடுக்குகளை வைத்துத்தான்.

(வோல்ட்டா தன் கருவியை மின்சார மீனின் உறுப்போடு ஒப்பிட்டார். பொருத்தமான ஒப்பீடு. மின் விலாங்கின் உடலில் ஒவ்வொரு மின்னுயிரணுவும் தருவது வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்; ஆயிரக்கணக்கானவை வரிசையாக நிற்கின்றன. 2019இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்தில் 860 வோல்ட் அளந்திருக்கிறார்கள். அந்த இனத்துக்கு வோல்ட்டாவின் பெயரையே வைத்தார்கள்.)

கிண்ணங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது சின்ன விஷயமல்ல. செல்லுக்கும் பேட்டரிக்கும் உள்ள எல்லைக்கோடே அதுதான். பல தகடுகள் இருப்பதால் பல செல்கள் ஆகிவிடாது. கார் பேட்டரியின் ஒரே அறைக்குள் பத்துப் பதினைந்து ஈயத் தகடுகள் நெருக்கமாக நிற்கும். எல்லா நேர்த் தகடுகளும் ஒன்றாகவும், எல்லா எதிர்த் தகடுகளும் ஒன்றாகவும் இணைக்கப்பட்டிருக்கும். பரப்பு கூடுகிறது, அவ்வளவுதான். அது இன்னமும் 2.1 வோல்ட் தரும் ஒரே செல். அடுத்த அறைக்கும் இதற்கும் நடுவே பிளாஸ்டிக் சுவர் இருக்கிறது பாருங்கள், அந்தச் சுவர்தான் இரண்டாவது செல்லை உண்டாக்குகிறது. ஆறு அறைகள், 12.6 வோல்ட்.

நம்பிக்கை வராவிட்டால் எலுமிச்சம்பழத்தில் செய்து பார்க்கலாம். துத்தநாகம் பூசிய ஆணி ஒன்று, செம்புக் கம்பி ஒன்று குத்தினால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். அதே பழத்தில் இன்னொரு ஜோடியைக் குத்தி வரிசையில் இணைத்துப் பாருங்கள். இரட்டிப்பாகாது. நடுவில் இணைத்த செம்பும் துத்தநாகமும் ஒரே சாற்றில் நிற்பதால் தமக்குள்ளேயே குறுக்குச்சுற்றாகிவிடும் (ஷார்ட் சர்க்யூட்). இரண்டாவது பழம் வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்துபார்த்தவருக்கு வித்தியாசத்தை யாரும் மறுபடி விளக்க வேண்டியதில்லை.

தொடரிணைப்பு, பக்க இணைப்பு பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வரிசையாகக் கோத்தால் வோல்ட் கூடும், கொள்ளளவு (மொத்தம் எவ்வளவு மின்னூட்டம் தர முடியும் என்பது) அப்படியே இருக்கும். பக்கம் பக்கமாக இணைத்தால் கொள்ளளவு கூடும், வோல்ட் அப்படியே இருக்கும். பேட்டரி கட்டுபவர்கள் 4எஸ்2பி என்று எழுதினால் இரண்டிரண்டாகப் பக்கத்தில் இணைத்து, அப்படி நான்கு கூட்டங்களை வரிசையில் கோத்திருக்கிறார்கள் என்று பொருள். மொத்தம் எட்டு செல்கள்.

சுவாரசியமே வரிசையில் நிற்கும்போதுதான் தொடங்குகிறது. தொடரிணைப்பில் எல்லா செல்கள் வழியாகவும் ஒரே அளவு மின்னோட்டம்தான் போகும். யாரும் ஒதுங்கி நின்று மற்றவருக்கு வழிவிட முடியாது. ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போகும் கூட்டம் மாதிரி, தளர்ந்தவர் வேகம்தான் எல்லாருடைய வேகமும். ஆனால் பாதையில் தளர்ந்தவர் உட்கார்ந்துவிடலாம். செல் உட்கார முடியாது.

ஒரு ரேடியோவில் நான்கு பென்சில் செல்கள். மூன்று புதியவை, ஒன்று இழுப்பறையில் கிடந்த பழையது. பழையது முதலில் காலியாகிறது. மற்ற மூன்றிலும் இன்னும் நிறைய மிச்சம் இருப்பதால் அவை தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கொடுக்க ஒன்றுமில்லாத அந்தச் செல் வழியாகவும் மின்னோட்டம் போயாக வேண்டும். அதன் மின்முனைகள் தலைகீழாகின்றன: நேர் எதிராகிறது, எதிர் நேராகிறது. உள்ளே ஹைட்ரஜன் வாயு உருவாகி அழுத்தம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் அடைப்பு திறந்துகொள்கிறது, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிகிறது. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங்கை அரித்துத் தின்கிறது. பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள் என்று உறையில் அச்சடித்திருப்பது இதனால்தான். பலரும் நினைப்பதுபோல அது அதிகம் விற்பதற்கான தந்திரம் அல்ல. தனியாக ஓடும் சுவர்க் கடிகாரச் செல்லுக்கு இந்தத் தலைகீழ் ஆபத்து கிடையாது; தள்ளுவதற்குப் பக்கத்தில் யாருமில்லை.

கார் பேட்டரியில் இதே கதை வேறு வடிவில் நடக்கும். ஓர் அறையின் அடியில் ஈயத் தூள் படிந்து தகடுகள் தொட்டுக்கொண்டால் அந்தச் செல் குறுக்குச்சுற்றாகிச் செத்துவிடும். மீட்டர் வைத்தால் 12.6க்குப் பதிலாக 10.5 காட்டும். எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்த 10.5ஐச் சுற்றியே நிற்கிறதென்றால், அனுபவமுள்ள மெக்கானிக் மேலே எதையும் பார்க்க மாட்டார். சார்ஜரோ ஆறு பேருக்கான 14 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மீதமுள்ள ஐந்து பேர் தலையில் ஏற்றும். அவையும் கொதித்து வாயு விடத் தொடங்கும். ஒன்று போனால் ஐந்தும் போகும்.

இன்னொரு கேள்வி. எட்டு பென்சில் செல்களை வரிசையில் கோத்தால் 12 வோல்ட் வருகிறது. அதை வைத்துக் கார் கிளப்பலாமா? முடியாது. ஒவ்வொரு ஆல்கலைன் பென்சில் செல்லுக்கும் ஓமில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு அகமின்தடை, அதாவது தனக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை, இருக்கிறது. எட்டும் வரிசையில் நின்றால் அது ஓர் ஓமைத் தாண்டிவிடும். முனைகளை நேரடியாக ஒட்டவைத்தாலும் பத்து ஆம்பியருக்குமேல் பெரிதாக வராது. ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்பது நூறு ஆம்பியருக்கு மேல். அதே 12 வோல்ட்தான், ஆனால் வரிசையில் வோல்ட்டுகளோடு தடைகளும் கூடுகின்றன. இதைப் பாடத்தில் ஒரு சூத்திரமாகக் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முழு வகுப்பே இதில் நடத்தலாம்.

பழைய ஈய பேட்டரிகள் ஒரு வகையில் பெருந்தன்மையானவை. ஆறு செல்களும் வெவ்வேறு நிலையில் இருந்தால் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகச் சார்ஜ் செய்வார்கள். நிரம்பியவை குமிழ் விட்டுக்கொண்டு காத்திருக்கும், பின்தங்கியவை வந்து சேரும். இழந்த நீரை அப்புறம் ஊற்றிக்கொள்ளலாம். லித்தியம் அயனியில் இந்தச் சலுகை கிடையாது. வழக்கமான வகைக்கு 4.2 வோல்ட் எல்லை. அதைத் தாண்டினால் குமிழ் அல்ல, சேதமும் சூடும்தான். எனவே ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் தனித்தனியாகக் கண்காணிக்க ஒரு மின்னணுச் சுற்று தேவைப்படுகிறது. முந்திக்கொண்ட செல்லின் கூடுதல் சார்ஜை ஒரு மின்தடை வழியாகச் சூடாக்கி வீணடித்து, மற்றவற்றின் மட்டத்துக்கு அதைக் கீழே இறக்குவார்கள். பலவீனமானவரை உயர்த்துவதைவிடப் பலமானவரை நிறுத்திவைப்பது மலிவு. பெரும்பாலான பேட்டரிகளில் நடப்பது அதுதான்.

2012இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரின் 85 கிலோவாட் மணி பேட்டரியில் 7104 செல்கள். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளை. 74 செல்கள் பக்க இணைப்பில் ஒரு கூட்டம். அப்படி 96 கூட்டங்கள் வரிசையில். ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிய உருகுகம்பி. ஒரு செல் குறுக்குச்சுற்றானால் அந்தக் கம்பி உருகி, அது மட்டும் விலகிவிடும். மிச்சம் 73. ஆனால் அந்தக் கூட்டம் இப்போது 96இல் மெலிந்த கூட்டம். முழுக் காரின் கொள்ளளவும் அதன் அளவுக்குக் குறைகிறது. நல்லவேளை, குறைவது 74இல் ஒரு பங்குதான். பக்க இணைப்பு பலவீனத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது, தொடரிணைப்பு அதைப் பரப்புகிறது.

பரவுவது வோல்ட் குறைவு மட்டுமல்ல. 2013 ஜனவரி 7 அன்று பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு போயிங் 787இல் பேட்டரி தீப்பற்றியது. ஒன்பது நாள் கழித்து ஜப்பானில் இன்னொரு 787 பேட்டரிக் கோளாறால் அவசரமாகத் தரையிறங்கியது. உலகம் முழுக்க அந்த ரக விமானங்கள் நிறுத்தப்பட்டன. அந்த பேட்டரியில் இருந்தவை எட்டே எட்டு பெரிய லித்தியம் அயனி செல்கள். பாஸ்டன் சம்பவத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஒரு செல்லுக்குள் ஏற்பட்ட குறுக்குச்சுற்றின் சூடு பக்கத்துச் செல்களுக்குத் தாவியதைக் கண்டது. திருத்திய வடிவத்தில் செல்களுக்கு நடுவே கூடுதல் காப்பு வைத்தார்கள், முழு பேட்டரியையும் எஃகுப் பெட்டிக்குள் போட்டு, புகை விமானத்துக்கு வெளியே போக வழி செய்தார்கள். செல்லின் வேதியியலை மாற்றவில்லை. செல்களுக்கு இடையே இருக்கும் இடத்தை மாற்றினார்கள்.

கையில் இருப்பது செல்லா பேட்டரியா என்று அறிய விரும்புகிறவர்கள் முதலில் அச்சடித்த வோல்ட்டைப் பாருங்கள். லித்தியம் அயனியில் 3.7 என்றால் வரிசையில் ஒன்று, 7.4 என்றால் இரண்டு, 11.1 என்றால் மூன்று. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் செல்லுக்கு 3.2, எனவே சூரிய மின் அமைப்புகளில் வரும் 51.2 வோல்ட் பெட்டிக்குள் 16. பக்க இணைப்பில் எத்தனை என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

பவர் பேங்க் இதில் கொஞ்சம் ஏமாற்றும். 20000 மில்லி ஆம்பியர் மணி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் செல்களின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. வெளியே வருவது 5 வோல்ட். மாற்றத்தில் இழப்பே இல்லையென்றாலும் 14800தான் தேறும், நிஜத்தில் அதைவிடக் குறைவு. பெட்டியின் அடியில் 74 வாட் மணி என்று சின்னதாக எழுதியிருப்பார்கள். வரிசையில் கோத்தாலும் பக்கத்தில் இணைத்தாலும் மாறாத எண் அதுதான். விமான நிறுவனங்கள் 100 வாட் மணி என்று வரம்பு வைப்பதும் அதனால்தான்.

நான் சொன்ன கணக்கையெல்லாம் குழப்பும் ஒரு பொருளும் இப்போது வந்துவிட்டது: யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும் 1.5 வோல்ட் லித்தியம் பென்சில் செல். உள்ளே 3.7 வோல்ட் தரும் ஒரு லித்தியம் அயனி செல், அதன் தலையில் அழுத்தத்தை 1.5ஆகக் குறைக்கும் ஒரு குட்டிச் சுற்று. வெளியே தெரியும் வோல்ட்டுக்கும் உள்ளே இருக்கும் வேதிப்பொருளுக்கும் சம்பந்தமில்லை. சாதாரண செல் தீரத் தீர வோல்ட் படிப்படியாக இறங்கும். மீதி அளவைக் காட்டும் கோடுகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. இந்த வகையோ கடைசி வரை ஏறத்தாழ 1.5 காட்டிவிட்டுப் பட்டென்று நின்றுவிடும். எனவே சார்ஜ் குறைவதை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டிய கருவிகளில் இதைப் போடாமல் இருப்பது நல்லது.